மூணாவது மாடிக் கைப்பிடி

வெள்ளைக்காரன் கட்டினதாம். சொல்றா பாரு. கையில ஒரு குட்டி மைக், கழுத்துல தொங்குற அட்டை, எதிர்ல தொப்பியும் தண்ணி பாட்டிலுமா இருபது பேரு. அவ்ளோ பேரையும் வாசல்ல நிக்க வெச்சுட்டு, சுத்திக் காட்ட வந்த இந்தப் பொண்ணு வாய் கூசாம சொல்றா, ரங்கநாயகலு பில்டிங் பிரிட்டிஷ்காரங்க நமக்கு விட்டுட்டுப் போன பொக்கிஷம்னு. எந்த வெள்ளைக்காரன்மா விட்டுட்டுப் போனான்? ஒரு செங்கல்லையாவது தொட்டிருப்பானா அவன்? லாந்தர் கண்ணாடி வித்த ரங்கநாயகலு செட்டி கட்டினது இது. வாசல் வளைவுல தெலுங்குல பேரு வெட்டியிருக்கு, அண்ணாந்து பார்த்தா தெரியும். இதுங்க எங்க அண்ணாந்து பார்க்குது, போனைத்தான் தூக்கிப் பிடிக்குது. நான் படிக்கட்டுக்கு அடியில என் ஜெராக்ஸ் கடையில உட்கார்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை பாரிமுனையில ஈ காக்கா இருக்காது, எனக்கும் கடை கிடையாது. நாளைக்கு ஹைகோர்ட்டுல ஏதோ கேஸாம், ஜூனியர் வக்கீல் ஒருத்தன் நேத்து காகிதக் கட்டைக் கொண்டாந்து போட்டு அங்கிள் அங்கிள்னு கெஞ்சிட்டுப் போனான், அதுக்காக வந்தேன். அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். பொய். மூணு மாசமா ஞாயிறு தவறாம வந்து உட்கார்றேன், இவ என்ன சொல்றான்னு கேட்கத்தான். கேட்டுட்டு வயித்தெரிச்சலோட வீட்டுக்குப் போய் ரத்தக்கொதிப்பு மாத்திரையை முழுங்கறேன். பொண்டாட்டி கேக்குறா, ஏன்யா ஞாயித்துக்கிழமையானா மூஞ்சி இப்படிச் செவக்குதுன்னு. என்னத்தைச் சொல்ல.

தாரிணின்னு பேராம் இவளுக்கு. நல்ல பொண்ணுதான், படியேறும்போது வயசானவங்களுக்குக் கை குடுப்பா, அதைப் பார்த்தா இன்னும் ஆத்திரமா வருது, கெட்டவளா இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டலாம். கொஞ்ச நேரத்துல குரலைத் தாழ்த்துவா. நம்ம பில்டிங்கோட ஃபேமஸ் பேயைப் பத்திக் கேட்டிருக்கீங்களான்னு ஆரம்பிப்பா. எண்பத்திமூணுல, மூணாவது மாடி ஆபீஸ்ல டைப் அடிச்சுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, காதல் தோல்வி, வராந்தாவுல இருந்து குதிச்சுட்டா, இன்னிக்கும் ஆளில்லாத நேரத்துல டைப்ரைட்டர் சத்தம் கேக்குதாம். எல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேக்கும். போன வாரம் ஒருத்தன் நாக்கால டக் டக் டக்னு சத்தம் போட்டுக் காட்டினான், சிரிச்சாங்க. என் கையில ஸ்டேப்ளர் இருந்துச்சு, அவன் மண்டையைப் பார்த்து விட்டெறிஞ்சிருக்கணும். எறியல. குனிஞ்சு காகிதத்தைத் தட்டி அடுக்கினேன். காதல் தோல்வியாம். யாருடா காதலிச்சது? சுகிர்தாவா? ராயபுரத்துல இருந்து காலையில நடந்தே வருவா, சாயங்காலம் நடந்தே போவா, அவ முன்னாடி நான் பின்னாடி, எவனாவது உரசிக்கிட்டுப் போனா குடைக்கம்பியால ஒரு குத்து குத்துவா. அவளுக்குக் காதலிக்க எங்க நேரம்? அவ பேரு சுகிர்தா. பேய்னு பேரில்ல. எங்க அக்கா. இந்த பில்டிங்ல இப்ப இருக்கிற ஒருத்தனுக்கும் அது தெரியாது. தெரிஞ்சவன்லாம் செத்துட்டான், இல்ல கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். நாப்பத்தோரு வருஷமா அவ விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஊரான் காகிதத்துக்கு நகல் எடுக்கறேன், ஒருநாள் வாயைத் தொறந்ததில்ல.

இன்னிக்கு என்னமோ புதுசா ஒரு கூடை வெச்சிருக்கா. பனை ஓலைக் கூடை, அதுக்கு செவப்புப் பெயிண்ட், கூடைக் காதுல மஞ்சள் நைலான் கயிறு. எதுக்குன்னு நினைக்கிறதுக்குள்ள மைக்குல சொல்லிட்டா. "ப்ரெண்ட்ஸ், இன்னிக்கு ஒரு சர்ப்ரைஸ். இங்க அந்தக் காலத்துல மாடியில இருந்து கூடையை இறக்கித்தான் கீழ டீக்கடையில டீ வாங்குவாங்களாம். இன்னிக்கு நாமளும் மூணாவது மாடி வராந்தாவுல இருந்து டீ இழுக்கப் போறோம். ரொம்ப வருஷமா பூட்டிக் கெடந்த வராந்தா, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி சாவி வாங்கியிருக்கோம்." கை தட்டறாங்க. அந்த வராந்தாவா? அந்த வராந்தா ஓரத்து மரக் கைப்பிடியை எவன் மாத்தினான்? உடைஞ்ச இடத்துல துண்டு மரத்தை வெச்சு நாலு ஆணி அடிச்சு பச்சைப் பெயிண்ட்டைப் பூசி, கதவைப் பூட்டினதோட சரி. நாப்பத்தோரு மழைக்காலம் போயிருக்கு. கூடையை இழுக்கணும்னா சாஞ்சாத்தான் இழுக்க முடியும், வயித்தைக் கைப்பிடியில குடுத்து, குனிஞ்சு. செருப்புச் சத்தம் என் தலைக்கு மேல ஏறுது. என் கடைக்கு கூரைன்னா அந்தப் படிக்கட்டுதான், எவன் ஏர்றான் எவன் இறங்கறான்னு நடையை வெச்சே சொல்லிடுவேன். வாட்ச்மேன் தடியன் டீக்கடைப் பக்கம் போயிட்டான். சாவி குடுத்திருக்கான் பாரு, கேட்டா குடுத்துடறதா? எழுந்திருடா இஸ்ரவேல். முட்டி வலிச்சா வலிக்கட்டும். எழுந்திரு.

முதல் மாடி. ஒவ்வொரு படியும் நடுவுல குழிஞ்சு கெடக்கு, அதுலயும் இவ ஒரு கதை சொல்லுவா, வியாபாரிகள் காலடி பட்டுத் தேய்ஞ்சதுன்னு. வியாபாரி எங்க நடந்தான், கூலிக்காரன் நடந்தான். கண்ணாடிப் பெட்டியைத் தலையில வெச்சு ஏறினவன், யுத்தத்துல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியானப்ப அரிசி மூட்டையைத் தூக்கினவன், அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனி பீரோவைக் கயிறு கட்டி ஏத்தினவன். இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? கப்பல் சரக்கை கஸ்டம்ஸ்ல இருந்து எடுத்துக் குடுக்கிற மூணாவது மாடி கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்ல, சுகிர்தா டைப் அடிச்ச அதே ஆபீஸ்ல, நான் பியூனா சேர்ந்தப்ப முதல் மாடியில ஒரு கிழட்டு குமாஸ்தா இருந்தாரு, அவர் சொன்னது. அவர் சொன்னதும் பாதி பொய்யா இருக்கும். இந்த பில்டிங்ல எவன் உண்மையைச் சொன்னான். செட்டி குடும்பம் நாலா உடைஞ்சு கோர்ட்டுக்குப் போச்சு, வாடகை வாங்கறவன் ஒருத்தன், கேஸ் நடத்தறவன் ஒருத்தன், ஓட்டை அடைக்கிறவன் எவனும் இல்ல. மழை பெஞ்சா ரெண்டாவது மாடியில ஃபைலுக்குக் குடை பிடிப்போம். அறுபது எழுபது ஆபீஸ், ஒரே ஒரு படிக்கட்டு. டீ வாங்க ஏறி இறங்கினா கால் மணி நேரம் போயிடும், மேனேஜர் கத்துவான். அதனாலதான் கூடை. எவன் ஆரம்பிச்சானோ, நான் வந்தப்பவே ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு கூடை, ஒரு கயிறு. கீழே காதர் பாய் டீக்கடையில இருந்து, மூணாவது மாடி, இழுன்னு ஒரு குரல் வரும், இழுக்கணும். அண்ணா நில்லுங்க, மூச்சு வாங்குதே உங்களுக்குன்னு தொப்பிக்காரன் ஒருத்தன் படியில உட்கார்ந்துக்கிட்டுக் கேக்குறான். அண்ணாவாம். தள்ளுய்யா.

ரெண்டாவது மாடி. இங்கதான் பூட்டு ரிப்பேர் கடை இருந்துச்சு. இங்கதான் அந்த அரத்தை இரவல் வாங்கினேன். நெனைக்காத. நெனைக்காம எப்படி, காலு அந்தக் கதவுகிட்ட வந்தா தானா நிக்குதே. கைப்பிடி தேக்கு மரம், மேல வழவழன்னு இருக்கும், கயிறு ஒரு இடத்துல நிக்காது, பாதி இழுக்கும்போது பக்கத்துல வழுக்கி டீ தளும்பும். மத்த ஆபீஸ்காரன் கைப்பிடியில கயிறு அறுத்து அறுத்து தானா ஒரு பள்ளம் விழுந்திருந்துச்சு, கயிறு அதுல கச்சிதமா உட்காரும், அதுல அவனுங்களுக்கு ஒரு பெருமை. எங்க ஆபீஸ் புதுசு, எங்களுக்குப் பள்ளம் இல்ல. தினம் கேலி, என்னடா இஸ்ரவேலு, உங்க ஆபீஸ் டீ பாதி ரோட்டுக்குத்தான் போகுதுன்னு. ரோஷம். இருபத்திநாலு வயசு ரோஷம். அரை வட்ட அரம் ஒண்ணை வாங்கிக்கிட்டு வந்து, ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து அராவினேன். இருபது வருஷத்துப் பள்ளத்தை ஒரே மத்தியானத்துல போட்டுட்டேன்னு மார் தட்டினேன். சுகிர்தாகூட வந்து விரலை வெச்சுப் பார்த்து, அட, நல்லாத்தான்டா பண்ணியிருக்கேன்னா. முட்டாள். பெயிண்ட்டோட மரத்தோட தோலையும் உரிச்சுட்டேன், ஒரு சொட்டு வார்னிஷ் தடவணும்னு தோணல. கயிறால தேய்ஞ்ச பள்ளம் வழவழன்னு இறுகிப்போய் இருந்துச்சு, நான் போட்டது பச்சைக் காயம். ரெண்டு ஐப்பசி மழை. தண்ணி உள்ள இறங்கி, மேல பார்த்தா மரம், உள்ள பஞ்சு. இதை எனக்கு எவன் சொன்னான்? எவனும் சொல்லல. உடைஞ்ச துண்டைக் கையில எடுத்துப் பார்த்தப்ப தெரிஞ்சுது. விரலால அழுத்தினா உள்ள போச்சு.

அன்னிக்கு நான் கஸ்டம்ஸ் ஆபீஸ்ல கையெழுத்துக்காக நின்னுக்கிட்டிருந்தேன். நான் இருந்திருந்தா நான் இழுத்திருப்பேன். காதர் பாய் ரெண்டு தடவை கத்தியிருக்காரு, யாரும் வரல, மெஷினை விட்டு எழுந்து சுகிர்தா வந்திருக்கா. நான் திரும்பி வந்தப்ப தெருவுல கூட்டம். கையில கயிறு சுத்தியிருந்துச்சு, பார்த்தேன், என் ரெண்டு கண்ணால பார்த்தேன். குதிக்கப் போறவ கையில டீக்கயிறு எதுக்குடா? எதுக்கு? போலீஸ் வர்றதுக்குள்ள அந்தக் கயிறு காணாம போச்சு. வாடகைக்காரங்க சங்கத்து செக்ரட்டரி கோதண்டபாணி என் தோள்ல கை போட்டு ஓரமா கூட்டிட்டுப் போனான். தம்பி, கைப்பிடி உடைஞ்சுதுன்னு எழுதினா நாளைக்கே கார்ப்பரேஷன்காரன் பில்டிங்குக்கு சீல் வெப்பான், இத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கும், அதுவும் போகட்டும், அந்த மரத்துல அரம் போட்டது யாருன்னு கேப்பான், பூட்டுக்கடைக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நீ என்ன சொல்லுவேன்னு கேட்டான். நல்லவன் மாதிரி கேட்டான், படுபாவி. அவ மெஷின்லயே, சுகிர்தாவோட மெஷின்லயே, போலீஸுக்குக் குடுக்க இங்கிலீஷ்ல ஒரு காகிதம் அடிச்சான். எனக்கு அர்த்தம் சொன்னான். என் சகோதரி கல்யாணம் தட்டிப்போனதால் சில நாட்களாக மனமுடைந்த நிலையில் இருந்தார். கல்யாணப் பேச்சே எடுக்கலையேடா அவளுக்கு! கையெழுத்துப் போட்டேன். என் கைதான் போட்டுச்சு, கோதண்டபாணி கை இல்ல. ஒரு மாசம் கழிச்சு படிக்கட்டுக்கு அடியில இருந்த இடத்தை எனக்குக் குடுத்தாங்க, சங்கத்துல கை தட்டினாங்க. காதர் பாய் மட்டும் என் முகத்தைப் பார்க்கமாட்டாரு, கயிறு இருந்துச்சேன்னு ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தாரு, அப்புறம் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிட்டாரு. எங்கம்மா நம்பினா. பெத்தவ நம்பினா! நான் எழுதிக் குடுத்ததை நம்பினா. உசுரை மாய்ச்சுக்கிட்டவளுக்கு சர்ச்சுல எதுக்குப் பூசைன்னு தெருவுல பேசினாங்க, அம்மா பயந்து போய் கல்லறையில பேரு வெட்ட வேணாம்னு சொல்லிட்டா. ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல, சமைச்சுக்கிட்டே கேப்பா, ஏன்டா, அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. பதினோரு வருஷம் கேட்டா. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பேன். சாகற வரைக்கும் மகமேல கோவத்தோட செத்தா. அவ கோவம் என்மேல இருந்திருக்கணும்.

இன்னும் ஒரு சுத்துப் படி. நெஞ்சு அடிச்சுக்குது, வலது முட்டி கழண்டு வந்துடும்போல இருக்கு. மேல சிரிப்புச் சத்தம், இரும்புத் தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம், துருப்பிடிச்சது வரமாட்டேங்குது, வராம இருக்கட்டும், ஏசுவே, வராம இருக்கட்டும். வந்துடுச்சு. கதவு தரையில உரசுது. போய் என்ன சொல்லப் போறே? கைப்பிடி பழசு, சாயாதீங்கன்னு சொன்னா போதும். அவ்ளோதான். பழசு. பழசுன்னா பழசு, யார் அராவினது எவன் அராவினதுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. உயிரும் தப்பிச்சுது, உன் கடையும் தப்பிச்சுது. பாரு, இந்த நேரத்துலயும் கணக்காத்தான் யோசிக்குது இந்த மண்டை. தூ. கோதண்டபாணி செத்து இருபது வருஷம் ஆச்சு, என் தோள்மேல இருந்து கையை எடுக்கமாட்டேங்குறான்.

வராந்தா வெயில் கண்ணைக் குத்துது. கூடை கீழ பாதி தூரம் போயிடுச்சு. கழுத்துல கேமரா மாட்டின ஒரு அம்மா, ஐம்பது வயசிருக்கும், கைப்பிடியில வயித்தைக் குடுத்துக் குனியறாங்க, பச்சைப் பெயிண்ட்டு மேலயே. "சாயாதே!" கத்தினது நான்தானா? அந்த அம்மா கயிறை விட்டுட்டு பின்னால வந்துட்டாங்க, கூடை கீழ விழுந்து யாரோ திட்டறான். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. "கைப்பிடி பழசு. உள்ள மக்கிப் போயிருக்கு. யாரும் கிட்டப் போகாதீங்க"ன்னேன். மூச்சே வரல எனக்கு. தாரிணி ஓடி வந்து கையைப் பிடிச்சா, "ஐயோ அங்கிள், உட்காருங்க, தேங்க்ஸ் அங்கிள், எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் சுவர்ப் பக்கம் வாங்க ப்ளீஸ்"னா. தண்ணி குடுத்தா. குடிச்சேன். முடிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீ இறங்கிப் போகலாம் இஸ்ரவேல், ஜூனியர் வக்கீலோட கட்டு பாக்கியிருக்கு. எழுந்து படிக்கட்டு வரைக்கும் வந்துட்டேன். பின்னாடி அவ மைக்கைத் தட்டிப் பார்க்கறா, குரலைத் தாழ்த்தறா. "ஓகே ப்ரெண்ட்ஸ், நாம இப்ப நிக்கிற இதே இடத்துலதான், எண்பத்திமூணுல, ஒரு பொண்ணு காதல் தோல்வியில..."

"குதிக்கல." திரும்பினேன். "அவ குதிக்கல. டீ இழுத்தா. கைப்பிடி உடைஞ்சு விழுந்தா. கையில கயிறு இருந்துச்சு. காதலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பேரு சுகிர்தா, எங்க அக்கா." யாரோ போனைத் தூக்கினான், பக்கத்துல இருந்த அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாங்க. தட்டாதீங்க, எடுக்கட்டும். "அந்தப் பள்ளத்தை அரம் போட்டு அராவினவன் நான். கயிறு வழுக்காம நிக்கணும்னு அராவினேன். மரம் மக்கினது அதனாலதான். அவ குதிச்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததும் நான். நீ சொல்ற கதை நீயா கட்டினதில்லம்மா, நான் கட்டினது." தாரிணி மைக்கை நிறுத்திட்டா. அவ கண்ணு கலங்கிடுச்சு, அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறுது, இவ ஏன் அழணும், இவ என்ன பண்ணா. "சாரி அங்கிள்"ங்கறா. "சத்தியமா தெரியாது. இனிமே இந்தக் கதையைச் சொல்லமாட்டேன். லிஸ்ட்ல இருந்தே எடுத்துடறேன்." எடுத்துடறாளாம்! கயிறை எடுத்தானுங்க, பேரை எடுத்தோம், இப்ப இவ ஆளையே எடுத்துடறேங்கறா, அதுவும் எனக்குப் பாவம் பார்த்து.

"எடுக்காத"ன்னேன். "என்னைச் சேத்துக்கோ. எழுது. அராவினது இஸ்ரவேல், பொய் சொன்னது இஸ்ரவேல், அவ கூடப் பொறந்த தம்பி, கீழ படிக்கட்டுக்கு அடியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான், எட்டிப் பாருங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லு." "அங்கிள், வேணாம்..." "எழுதுன்னா எழுது." போனை எடுத்து விரலால எழுத ஆரம்பிச்சா. இருபது பேரும் சுவரோட ஒட்டி நிக்கறாங்க. எழுதி முடிச்சுட்டு என் முகத்தைப் பார்த்தா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி மைக்குல படின்னேன். படிச்சா. சுகிர்தா பேரைச் சரியா சொன்னா. கயிறைச் சொன்னா. என் பேரு வந்த இடத்துல குரல் நின்னுடுச்சு.

"நிறுத்தாத"ன்னேன். "படி."